அம்புலன்ஸ் பணியும் அன்றாடப் பயிற்சியும்



கொக்குவிலில் ஒருவர் நள்ளிரவில் மார்பைப் பற்றிக்கொண்டு மயங்கி விழுகிறார் என வைத்துக்கொள்வோம். வீட்டார் 1990 என்ற இலக்கத்தை அழைக்கின்றனர். இந்தியாவின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்த 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவை, 2018 யூலையில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. அதன் முதற் பணியாளர் ஐதராபாத் சென்று பயின்றவர்கள். அப்பயிற்சி இன்றியமையாதது, ஆயினும் அதுவே போதுமா?

மூச்சும் நாடியும் நின்றவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தவேண்டும். சொல்வதற்கு எளிது. ஆனால், இதனைக் கற்றவர்களை மீண்டும் சோதித்த ஆய்வுகளில், சில மாதங்களிலேயே ஆழமும் வேகமும் பிசகுவது தெரியவந்தது. அடிக்கடி நேராத காரியம் விரைவில் மறக்கிறது. இது சோம்பலன்று, மனித இயல்பு. அதனாலேயே அமெரிக்க இருதயச் சங்கம், இரண்டாண்டுக்கு ஒருமுறை நீண்ட வகுப்பு என்ற பழைய வழக்கத்துக்கு மாற்றாக, வைத்தியசாலைப் பணியாளருக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பணியிடத்திலேயே சிறு பயிற்சி என்னும் முறையை வகுத்தது. சுவரில் தொங்கும் சான்றிதழ் மார்பை அழுத்தாதன்றோ!

தொலைபேசியை எடுப்பவரின் வேலை இன்னும் நுட்பமானது. அவர் நோயாளியைக் காண்பதில்லை. "மூச்சு இருக்கிறதா?" என்று கேட்டால், "இழுத்து இழுத்து விடுகிறார்" என்பார்கள் வீட்டார். இருதயம் நின்ற பின்னரும் சில நிமிடங்கள் அப்படியோர் இழுப்பு வருவதுண்டு. அதை மூச்சென்று நம்பினால், மார்பை அழுத்தும்படி வீட்டாருக்குச் சொல்லவேண்டிய வேளை வீணே கழிந்துவிடும். இந்த வேறுபாட்டுக்குக் காது பழகவேண்டும். பழைய அழைப்புகளின் ஒலிப்பதிவை அனுபவசாலி ஒருவருடன் இருந்து மீண்டும் கேட்பதே அதற்கு நல்ல பள்ளிக்கூடம்.

சாரதியின் பாடமோ ஊரிலேயே உள்ளது. கொக்குவிலின் ஒழுங்கைகள் பல ஒடுக்கமானவை. எந்த ஒழுங்கையில் வண்டி திரும்பும், புகையிரதக் கடவை எவ்வேளை மூடப்படும் என்பனவற்றை ஐதராபாத் கற்பிக்காது. பழைய சாரதியின் பக்கத்தில் இருந்து புதியவர் அறியவேண்டியவை அவை.

இத்தகைய பயிற்சிக்குப் பெருஞ்செலவில்லை, வேண்டுவது நேரம். அழைப்பில்லாத வேளையில், வண்டியை ஆயத்தமாக வைத்தபடியே, பொம்மை ஒன்றில் பத்து நிமிடம் பயிலலாம். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும், எங்கே தாமதம் நேர்ந்தது என்று உடன் சென்றவர்கள் பேசிக்கொள்ளலாம். அது குற்றம் காணும் விசாரணையாக மாறினால் எவரும் உண்மை பேசார். அந்த நிமிடங்களைப் பணிநேரமாகவே கணக்கிடல் வேண்டும். உணவு வேளையிலிருந்தும் உறக்கத்திலிருந்தும் அவற்றைப் பறித்தலாகாது.