கிராம்பும் பட்டையும் கஞ்சியைக் காக்குமா?

(ரமளானுக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

   

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அடுப்படியைச் சார்ந்தது. இமாம் பேச வேண்டிய பொருளா இது எனச் சிலர் எண்ணக்கூடும். நாள் முழுதும் பசித்திருந்த நோன்பாளியின் வயிற்றுக்குள் செல்லும் உணவு நம் பள்ளிவாசல் அண்டாவிலிருந்து செல்கிறது. ஆகவே அதன் தூய்மைக்கும் நாமே பொறுப்பாளிகள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நோன்பு நாளில் கஞ்சி மிஞ்சியது. “கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள், ஸஹருக்கு உதவும்” என்று இரண்டு வீட்டாருக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினோம். அதை ஸஹரில் உண்ட பிள்ளைகள் பொழுது நன்கு விடியும் முன்பே வாந்தியெடுத்துத் துவண்டனர். அல்லாஹ்வின் அருளால் மாலைக்குள் தேறினர். விசாரித்தபோது அனைவரும் ஒரே பதிலைக் கூறினர்: “பட்டை, கிராம்பு, பூண்டு, இஞ்சி எல்லாம் தாராளமாகப் போட்டிருந்தோம்; கெடாது என நம்பினோம்.” அவ்வாறு நம்பி, கொடுத்தனுப்பச் சொன்னவர் நாமே என்பதை இச்சபையில் மறைக்க விரும்பவில்லை. அந்த நம்பிக்கை எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்பதை அறிந்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

அந்த நம்பிக்கை அடிப்படையற்றதன்று. மதரஸாவில் ஓதிய நாட்களில் பல்வலி வந்தால் உஸ்தாத் ஒரு கிராம்பை எடுத்துக் கொடுப்பார்கள். கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால் எனும் பொருளாகும். பல் மருத்துவர்களும் அதனைப் பயன்படுத்துகின்றனர். பட்டையில் சின்னமால்டிஹைடு, ஓமத்தில் தைமால், கருஞ்சீரகத்தில் தைமோகுவினோன், மாதுளைத் தோலில் துவர்ப்புச் சத்தான டானின்கள் உள்ளன. செடிகள் தம்மைத் தாக்கும் பூச்சிகளிடமிருந்தும் கிருமிகளிடமிருந்தும் தற்காத்துக்கொள்ள இத்தகைய பொருள்கள் துணைபுரிகின்றன. ஆய்வுக்கூடத்தில் இவற்றின் சாற்றைக் கிருமிகளின்மேல் இடும்போது, யூஜினால், தைமால் போன்றவை கிருமியின் மேலுறையைச் சிதைக்கின்றன; உள்ளிருக்கும் சத்துகள் கசிந்து கிருமி மடிகிறது.

இவற்றுக்கு வேறொரு பயனும் உண்டு. எண்ணெயும் நெய்யும் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிப்பதைத் தாவரச் சாறுகள் தாமதப்படுத்துகின்றன. ரோஸ்மேரி என்னும் இலையின் சாற்றை உணவில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் அனுமதியளித்தது. எனினும் சிக்கு வாடையைத் தடுப்பது வேறு, நோய்க் கிருமியைத் தடுப்பது வேறு. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது.

வெப்ப நாட்டு மக்கள் அதிக மசாலா சேர்ப்பது கிருமிகளிலிருந்து காத்துக்கொள்ளவே என அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக அறிஞர் இருவர் 1998-இல் எழுதினர். 36 நாடுகளின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சமையற் குறிப்புகளை அவர்கள் ஆராய்ந்திருந்தனர். 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வு 33,750 குறிப்புகளை ஆராய்ந்து, அக்கருத்துக்குப் போதிய சான்றில்லை எனக் கூறியது. கல்வியின் இயல்பு இதுவே. ஒருமுறை கேட்டதையே இறுதியெனக் கொள்ளலாகாது.

அவ்வாறாயின் நம் அண்டாவில் மசாலா ஏன் காக்கவில்லை? காரணங்கள் பல.

ஆய்வுக்கூடத்தில் பயன்படுவது செறிந்த சாறு; நாம் இடுவதோ அண்டா கஞ்சிக்குச் சில கைப்பிடி. தேங்காய்ப்பாலின் கொழுப்பும் பருப்பின் புரதமும் அச்சத்துகளைத் தம்பால் இழுத்துக்கொள்கின்றன. பூண்டின் வீரியமான அல்லிசின், பூண்டை நசுக்கும்போது உண்டாகிறது. நெடுநேரம் கொதித்தால் அது சிதைந்துவிடுகிறது.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் எனும் கிருமியின் வித்துகள் இருப்பதுண்டு. அவை கொதியிலும் சாவதில்லை. கஞ்சி வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. வாடையோ சுவையோ மாற வேண்டுமென்பதும் இல்லை. ஆகவே முகர்ந்து பார்த்துத் தெளிவடைய இயலாது.

மேலும், மசாலாவே கிருமியைச் சுமந்துவரக் கூடும். அமெரிக்காவில் 2009-10-இல் மிளகும் மிளகாயும் பூசிய, சமைக்காமல் உண்ணும் பதப்படுத்திய இறைச்சியால் சால்மோனெல்லா பரவி 272 பேர் நோயுற்றனர். உலகில் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் உணவால் நோயுறுவதாகவும், 4,20,000 பேர் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் மதிப்பிட்டது. அவ்வாறு இறப்போரில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்பது நம் உள்ளத்தை உலுக்க வேண்டும்.

அன்புச் சகோதரர்களே! மசாலாவை விட்டுவிடுங்கள் என நாம் கூறவில்லை. அது மணத்துக்கும் சுவைக்கும் உரியது. காவல் காப்பது நெருப்பும், குளிர்ச்சியும், கைத்தூய்மையும், நேரமுமே. ஆகவே இவ்வாண்டு முதல் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

ஒன்று: கஞ்சி இறக்கியபின் ஆறக் கிடக்கலாகாது. 60 பாகைக்குக் குறையாத சூட்டில் அடுப்பிலேயே இருத்தி, மக்ரிபுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்துக்குள் வழங்குவோம்.

இரண்டு: மசாலாத் தூள் அனைத்தும் கொதிக்கும்போதே சேரட்டும், இறக்கியபின் தூவ வேண்டாம். புதினாவும் மல்லியும் நன்கு கழுவப்படட்டும்.

மூன்று: பண்டாரியும் பரிமாறுவோரும் சோப்பிட்டுக் கை கழுவட்டும். கையில் புண்ணுள்ளவர், வயிற்றுப்போக்குள்ளவர் அன்று வேறு பணி செய்யட்டும்.

நான்கு: மிஞ்சிய கஞ்சியை ஸஹருக்கெனக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நிறுத்துவோம். வீட்டில் மிஞ்சுவதை இரண்டு மணி நேரத்துக்குள் அகன்ற பாத்திரத்தில் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைக்கட்டும். குளிர்பெட்டி இல்லாத வீடுகள் நம் மஹல்லாவில் உண்டு; அவர்கள் இஃப்தாருக்குத் தேவையான அளவே வாங்கட்டும்.

ஐந்து: வலீமா பிரியாணிக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். பெரிய தேக்சாவின் நடுப்பகுதி மெல்லவே ஆறும். இறைச்சியில் கிருமி பெருக அதுவே வாய்ப்பாகும்.

மிஞ்சுவது வீணாகுமே எனச் சிலர் வருந்தலாம். அவ்வருத்தம் நியாயமானது. அளந்து சமைப்பதே அதற்குரிய தீர்வு. முதல் வாரம் எத்தனை வாளி செலவாகிறது எனக் குறித்துவைத்து, அதற்கேற்ப அரிசியைக் குறைப்போம், கூட்டுவோம். அன்று துவண்ட பிள்ளைகள் இன்று இதே சபையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். இவ்வாண்டு கஞ்சி வாளி தூக்கப்போவதும் அவர்களே. அவர்கள் கையால் நம் மஹல்லாவுக்கு நலமே சென்று சேர வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.