செய்தி சென்றதா, சேர்ந்ததா?



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலையிற் சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் நடுங்கியது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தின் பின்னரே ஆழிப்பேரலை நமது கீழ்க்கரையைத் தாக்கியது. அந்த இடைவேளையில் எச்சரிக்கை எதுவும் கல்லடியிலும் நாவலடியிலும் வாழ்ந்த மக்களை வந்தடையவில்லை. செய்தி சேர்தல் எத்துணை அருமையானது என்பதை மட்டக்களப்பாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கணிப்பொறிகள் தம்முட் செய்தி பரிமாறுவதற்கு எம்.கியூ.ரி.ரி. என்றொரு நெறி உண்டு. எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியே கண்காணிக்கும் பொருட்டு, அன்டி ஸ்ரான்போட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்னும் இருவர் 1999இல் இதனை வகுத்தனர். அனுப்புவோனும் பெறுவோனும் ஒருவரையொருவர் அறியார். நடுவே தரகன் ஒருவன் இருப்பான். (நமது மீன்சந்தைத் தரகரைப்போல இவன் கழிவு கேட்பதில்லை!) அனுப்புதலில் மூன்று தரங்கள் உள: ஒருமுறை அனுப்பி மறந்துவிடுதல், ஒப்புதல் வரும்வரை செய்தியைக் கைவிடாதிருத்தல், நான்கு கட்டப் பரிமாற்றத்தால் ஒரே ஒருமுறை மட்டும் சேர்த்தல்.

இந்நெறியை எர்லாங் மொழியிற் கையாள்வதற்கு எம்க்யூரிரி என்னும் நிரல்நூலகம் உண்டு. எர்லாங், சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1986ஆம் ஆண்டளவில் தொலைபேசி நிலையங்களுக்கென உருவான சார்புமுறை மொழி. அதிற் பெயரொன்றுக்கு ஒருமுறை தந்த மதிப்பு பின்னர் மாறாது. ஒரு பணி நொறுங்கினால் மேற்பார்வைப் பணி அதனை மீளத் தொடக்கும். முந்தைய அமர்வைக் காக்கும்படி பணித்திருந்தால், அறுந்த தொடர்பு மீண்டதும் ஒப்புதல் பெறாத செய்திகள் மறுபடியும் அனுப்பப்படும்.

அவ்வாறாயின் ஒரே செய்தி இருமுறை வரலாமே? வரலாம். சூறாவளி எச்சரிக்கையை இருமுறை கேட்பதால் எவர்க்கும் கேடில்லை. அதற்கு இரண்டாந் தரமே சாலும் என்பது என் கருத்து. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவை இவ்வாறு இயக்குவதாகக் கற்பனை செய்வோம். “இன்னும் ஓரடி திற” என்னும் கட்டளை இருமுறை சேர்ந்தாற் கதவு ஈரடி திறக்கும். கீழேயுள்ள வயல்கள் என்னாவது? “கதவு ஈரடி உயரத்தில் நிற்க” என எழுதினாலோ, பத்துமுறை சேரினும் விளைவு ஒன்றே. மாறும் செயலை விடுத்து நிலையான மதிப்பைச் சொல்லும் இப்பழக்கத்தைச் சார்புமுறை மொழி இயல்பாகவே கற்பிக்கின்றது.

இன்னொன்றும் கவனித்தற்குரியது. அனுப்புவோனுக்கு ஒப்புதல் தருபவன் தரகனேயன்றி, பாலமீன்மடுவிற் கரைவலை இழுப்பவன் அல்லன். “சேர்ந்தது” என நூலகம் கூறுவதை மக்கள் கேட்டதாகக் கொள்ளுதல் பெரும்பிழை. கரையில் ஒலிபெருக்கியும், அதனருகே பொறுப்புடைய ஆளும் வேண்டும்.

ஒலிபெருக்கியை இயக்கும் கருவியே வெள்ளத்தில் அடிபட்டுப் போனால்? அதற்கும் வழி உண்டு. கருவி இணையும்போதே தனது இறுதிச் செய்தியைத் தரகனிடம் ஒப்படைத்து வைக்கலாம். குறித்த தவணையின் ஒன்றரை மடங்கு காலம் அதன் குரல் கேளாவிடின், “இக்கருவி மறைந்தது” எனத் தரகன் யாவர்க்கும் அறிவிப்பான். இணைந்த பின்னர் இதனை எழுதிச் சேர்க்க இயலாது.