மிக மெதுவான மோர்ஸ்

அந்தக் காலத்துத் தோட்டங்களில் விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டால், பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். சொல் இல்லை, ஒலி மட்டுமே. ஆனாலும் செய்தி வந்து சேர்ந்துவிடும். மோர்ஸ் குறியீடும் அத்தகையதே. குறுகிய ஒலி புள்ளி. அதைப்போல் மூன்று மடங்கு நீண்டது கோடு. இவற்றை அடுக்கி எழுத்துகளைச் சொல்கிறோம்.

அமெச்சூர் வானொலியில் நிமிடத்துக்குப் 12 சொல் என்பது நிதானமான வேகம். அதில் ஒரு புள்ளி விநாடியில் பத்தில் ஒரு பங்கே நீடிக்கும். சிலரோ ஒரு புள்ளியை 3 விநாடி, 6 விநாடி, ஏன், 60 விநாடி கூட நீட்டுகிறார்கள்! 'மெதுவாக அனுப்பு' என்பதற்கு வானொலியாளர்களின் சுருக்கக்குறி கியூஆர்எஸ். இன்னும் ஓர் எஸ் சேர்த்து இந்த முறையைக் கியூஆர்எஸ்எஸ் என்கிறார்கள்.

1858ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலடிக் கம்பி வழியாக விக்டோரியா அரசியார் அனுப்பிய 98 சொற்கள் போய்ச்சேரப் 16 மணி நேரம் பிடித்தது. கம்பி பழுதான கம்பி, வேறு வழியில்லை. இவர்கள் மட்டும் ஏன் வலிய மெதுவாகிறார்கள்?

பால்மரத்தை நினைத்துப் பாருங்கள். வெட்டிய பட்டையிலிருந்து பால் ஒரே இடத்தில்தான் சொட்டுகிறது. மழையோ எங்கும் பெய்கிறது. மங்கின் வாய் அகலமாக இருந்தால் மழைநீரும் விழுந்து பால் கெட்டுப்போகும். வாய் குறுகினால் பால் விழும், மழை குறையும். வானொலியில் மழை என்பது இரைச்சல். எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கிறது. நாம் தேடும் குறி ஒரே இடத்தில் இருக்கிறது. கேட்கும் வாயிலைக் குறுக்க வேண்டுமானால் குறி மெதுவாக மாற வேண்டும். இதுவே இயற்கை விதி. புள்ளியை 30 மடங்கு நீட்டினால், கணக்குப்படி வாயிலையும் இரைச்சலையும் 30 மடங்கு குறைக்கலாம். ஆகவே ஒரு வாட்டில் ஆயிரத்தில் சில பங்கு ஆற்றலே உள்ள சிறு கருவி, வானம் ஒத்துழைத்தால், கடல் கடந்தும் தெரிகிறது.

'தெரிகிறது' என்றோம், 'கேட்கிறது' என்று சொல்லவில்லை. இவ்வளவு நீண்ட புள்ளியைக் காது கோத்துப் படிக்காது. கணினி அந்த ஒலியைத் திரையில் கோடுகளாக வரைகிறது, கண்ணால் படிக்கிறோம். எனவே காதால் மோர்ஸ் பழக விரும்பும் பிள்ளைக்கு இது உதவாது. அதற்கு எழுத்தை வேகமாக ஒலித்து, எழுத்துகளுக்கிடையே இடைவெளி விடுவதே நல்ல பயிற்சி.

இனி, கொடுக்கும் விலையைப் பார்ப்போம். மோர்ஸ் வேகத்தை அளக்க 'பாரிஸ்' என்ற சொல்லைக் கொள்வது வழக்கம். அதன் நீளம் 50 புள்ளி அளவு. 12 சொல் வேகத்தில் 5 விநாடியில் முடியும். 3 விநாடிப் புள்ளியில் இரண்டரை நிமிடம். 60 விநாடிப் புள்ளியில் 50 நிமிடம். ஒரு பாடவேளையே போய்விடும்! வெள்ளத்தில் சிக்கியவர் உதவி கேட்க இது ஏற்றதல்ல. பெரும்பாலும் தம் அழைப்புக்குறியை மட்டுமே திரும்பத்திரும்ப அனுப்புகிறார்கள். அதைப் பேச்சு என்று நாம் ஒப்பமாட்டோம். சிற்றலையில் குறி ஒரு நிமிடம் மங்கி மறுபடி தெளிவதும் உண்டு. அப்போது நீண்ட புள்ளி பாதியில் அறுந்துவிடும். அதனால் 60 விநாடிப் புள்ளி 136 கிலோஹெர்ட்ஸ் போன்ற நெட்டலைக்கே பொருந்தும்.

இன்னொரு தொல்லை, வெப்பம். குறுகிய வாயிலில் குறி அசையாமல் நிற்க வேண்டும். தகரக் கூரையடியில் வைத்த கருவி உச்சிவேளையில் சூடேறினால் அலைவரிசை நகர்ந்து, திரையில் நேர்கோடு வளைந்துவிடும். ஆயினும் எத்தனை பாகை சூட்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்று ஒரு மாணவன் அளந்து எழுதினால், அது முதல்தரமான அறிவியல் பாடம். இந்தக் குறைதான் நமக்கு மிகவும் பிடித்தது.

1993இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லர் 2008இல் விஸ்பர் என்ற முறையை வெளியிட்டார். அழைப்புக்குறி, இடம், ஆற்றல் மூன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் அனுப்பி, கணினியே பிழைதிருத்திப் படித்துவிடுகிறது. வேலை முடிய வேண்டுமென்றால் அதுவே மேல். மெதுவான மோர்ஸிலோ, பாதி மறைந்த எழுத்தையும் மனிதக் கண் ஊகித்துப் பிடிக்கும். அனுப்பும் கருவியும் மிக எளியது. அதை இயக்க உரிமம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பார்ப்பதற்கு மட்டுமானால், 10.140 மெகாஹெர்ட்ஸ் அருகே வரும் குறிகளை அன்பர்கள் சிலர் தம் திரையோடு இணையத்தில் காட்டுகிறார்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்தி ஒரு மாலை பாருங்கள்.