கேழ்வரகில் மணல், கடுகில் பிரமதண்டு



சிற்றுயிர் மடியலாகாது என்று தானியத்தைப் பரப்பிப் பார்த்த பின்பே அடுப்பேற்றுவது நம் இல்லங்களின் வழக்கம். அந்தக் கண்ணுக்கும் தப்புவன உண்டு. நம் தருமபுரிக் கேழ்வரகையே எடுத்துக்கொள்வோம். தார்ச்சாலையில் கதிரைப் பரப்பி, வண்டிகள் ஏறிச்செல்ல மணி உதிர்க்கும்போது மணல் கலந்துவிடுகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன்; ஆதலின் சல்லடை உதவாது. நீரில் அரித்தால் மணல் அடியில் தங்கும். அரிகஞ்சட்டியின் உட்புறம் வரிவரியாக இருப்பது இதற்காகவே. இன்று அதை எத்தனை வீடுகளில் காண்கிறோம்?

கடுகின் செய்தி அச்சந்தருவது. தரிசில் மஞ்சளாய்ப் பூக்கும் பிரமதண்டின் விதை கடுகைப் போலவே கருத்திருக்கும். 1998இல் தில்லியில், அவ்விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு, உடல் வீங்கி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உருப்பெருக்கியால் நோக்கினால் கடுகு வழுவழுப்பாகவும் பிரமதண்டு விதை சொரசொரப்பாகவும் தோன்றும். ஐயமெனில் நசுக்கிப் பாருங்கள்: கடுகின் உள்ளே மஞ்சள், மற்றதன் உள்ளே வெண்மை. தாளிக்க வாங்கும் கடுகில் ஒரு சிட்டிகையை வெள்ளைத்தாளில் கொட்டி இவ்வாறு பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

எண்ணெயாகிவிட்ட பின் கண் உதவாது. வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வு செய்வித்துக்கொள்ளும் உரிமையை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அளித்துள்ளது. அரசின் உணவுப் பகுப்பாய்வுக்கூடம் அருகே சேலத்திலேயே இருக்கிறது.