உதறலா, நடுக்கமா, இழுப்பா?

ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "டாக்டரம்மா, நாய்க்கு உடம்பு ஆடுது." நான் திருப்பிக் கேட்பேன்: "ஆடுதுன்னா எப்படி? உதறுதா, நடுங்குதா, வெட்டி வெட்டி இழுக்குதா?" எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. நாயை இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். அவர்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான், காலையில் வரச் சொல்வதா, ஆஸ்பத்திரிக் கதவை அப்போதே திறப்பதா என்று முடிவு செய்வேன்.

உதறலுக்குப் பயப்பட வேண்டாம். குளிப்பாட்டி முடித்ததும் தலையில் தொடங்கி வால் நுனிவரை ஒரு சிலுப்பு சிலுப்பி, நம்மையும் சேர்த்துக் குளிப்பாட்டிவிடுமே, அதுதான். அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அதிவேகக் கேமரா வைத்து இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பெரிய நாய் விநாடிக்கு நான்கைந்து தடவை உதறுகிறது. சுண்டெலியோ முப்பது தடவைக்குப் பக்கம். உடம்பு சிறுத்தால் வேகம் கூட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தெறிக்காது. ஆனால் குளிக்காத நாய் நாள் முழுக்கத் தலையை மட்டும் உதறினால் காதை மடித்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் சீழ் பிடித்திருக்கலாம்; உள்ளே உண்ணியும் இருக்கலாம். விட்டுவிட்டால் உதறி உதறியே காது மடலில் ரத்தம் கட்டிப் பணியாரம் மாதிரி வீங்கிவிடும்.

அடுத்தது நடுக்கம். குளிருக்கு நடுங்கும், மெல்லிய தோலுள்ள சிப்பிப்பாறை நாயை ஊட்டிக்குக் கூட்டிப் போனால் தெரியும். தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்கும். உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, வானொலியைச் சத்தமாக வைத்தால் கொஞ்சம் அடங்கும். (நிலையத்தார் சொல்லச் சொல்லி நான் இதைச் சொல்லவில்லை!) முதுகை வளைத்துக்கொண்டு, படியேற மறுத்து நடுங்கினால் அது வலி, காலையில் கூட்டி வாருங்கள்.

காலைவரை காத்திருக்கக் கூடாத நடுக்கம் ஒன்று உண்டு. ஒரு மார்கழி ராத்திரி பாட்டி ஒருத்தர் பேரனோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பேரன் மடியில் கம்பளிப் பொதி. உள்ளே வெள்ளைப் பொமரேனியன். குட்டி போட்டு மூன்று வாரம், ஐந்து குட்டிகள். "பனி ஒத்துக்கல டாக்டரம்மா, குளிர் ஜுரம். மூணு போர்வை போட்டும் நிக்கல." பிரித்துப் பார்த்தால் நான்கு காலும் விறைத்து நிற்கின்றன, தாடை தடதடவென்று அடிக்கிறது. தெர்மாமீட்டர் 106 டிகிரி பாரன்ஹீட் காட்டியது. நாய்க்கு 101 முதல் 102.5 வரைதான் இயல்பு. முதல் வேலையாகக் கம்பளியைத் தூக்கிப் போட்டேன். ஓயாத நடுக்கத்தில் தசைகளே சூட்டைக் கிளப்பியிருந்தன. போர்வை அந்தச் சூட்டை வெளியே விடவில்லை.

ரத்தத்திலிருந்த சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், மொத்தமும் பாலில் போய்க்கொண்டிருந்தது. அது குறைந்தால் நாயின் நரம்புகள் கட்டுப்பாடு இல்லாமல் தசைகளைச் சுண்டி இழுக்கும். மாடு வைத்திருக்கும் நேயர்கள் "நம்ம பால் காய்ச்சல்தானே?" என்பீர்கள். காரணம் அதேதான். ஆனால் மாடு உடம்பு சில்லிட்டுத் துவண்டு படுத்துவிடும். நாயோ விறைத்துக் கொதிக்கும்.

கால்சியம் ஊசியை ரத்த நாளத்தில் மெதுவாக, மிக மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். ஒரு கை ஊசியில், காது ஸ்டெதாஸ்கோப்பில். துடிப்பு தடுமாறினால் நிறுத்துவேன், சீரானால் மறுபடி ஏற்றுவேன். இத்தனை வருஷத்தில் என் கையால் செய்த வைத்தியங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பலன் கண்ணெதிரே தெரியும். முதலில் தாடை அடங்கியது. பிறகு முன்னங்கால் மடங்கியது. அப்புறம் நாக்கை நீட்டி மூக்கை ஒரு தடவை நக்கிக்கொண்டது. பேரன் அப்போதுதான் அழுதான்.

"சினையா இருந்ததிலேர்ந்து தினம் கால்சியம் டானிக் குடுத்தேனே!" என்றார் பாட்டி. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும் கழுத்துச் சுரப்பி சோம்பிப்போகும். பால் சுரந்து தேவை கூடும்போது அதனால் சட்டென்று ஈடுகொடுக்க முடியாது. ஆகவே சினை நாய்க்கு நீங்களாக டானிக் கொடுக்காதீர்கள். அந்தப் பொமரேனியனின் குட்டிகளுக்கு அன்றிலிருந்து புட்டிப்பால்தான்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இழுப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டு தடவை வந்தாலோ உடனே கிளம்புங்கள். வாயில் கைவிடாதீர்கள், நாக்கை விழுங்காது, உங்கள் விரலைத்தான் கடிக்கும். வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயென்றால் இன்னும் ஜாக்கிரதை. தூக்கத்திலும் ஒரு கால் தாளம் போட்ட மாதிரி வெட்டிக்கொண்டிருந்தால் டிஸ்டெம்பர் நோயாக இருக்கலாம்; அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, குட்டிக்கு ஆறேழு வாரத்தில் தொடங்கிவிடுங்கள். உண்ணிக்கென்று வயலுக்கு அடிக்கும் மருந்தை உடம்பில் தடவி, எச்சில் வடிய நடுங்கும் நாய்களும் என்னிடம் வருகின்றன. அப்படியானால் நாயைச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவி, மருந்து பாட்டிலோடு கொண்டுவாருங்கள்.

கிளம்பும் முன் அந்த ஆட்டத்தைப் போனில் அரை நிமிஷம் வீடியோ எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். ஏனென்றால் என் மேஜைமேல் ஏற்றியதும் உங்கள் நாய் ஒன்றுமே நடக்காத மாதிரி வாலாட்டிக்கொண்டு நிற்கும். "இப்பத்தான் டாக்டரம்மா ஆடிச்சு" என்று நீங்கள் அசடு வழிவீர்கள்.