சேணமும் கடிவாளமும்

'குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்' என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. துன்பத்தின்மேல் துன்பம் வந்துற்றால் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நானும் ஒரு நாள் குதிரையினால் கீழே தள்ளப்பட்டேன். அன்று குழி பறித்தவன் நானேதான் என்பதைச் சற்றுப் பின்னரே அறிந்தேன். அந்த அனுபவத்தை ஒட்டி, குதிரைக்குச் சேணமும் கடிவாளமும் பொருந்த வேண்டிய முறையைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நான் குதிரையேற்றம் பழகிய இடத்தில் செந்நிறப் பெட்டைக்குதிரை ஒன்று இருந்தது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், தோள்களுக்கு மேலாக ஒரு மேடு குதிரைகளுக்கு உண்டு. இந்தக் குதிரைக்கு அம்மேட்டின் இருபுறமும் ரூபாய்க் காசளவில் வெள்ளை மயிர் படர்ந்திருந்தது. அதைப் பிறவி அழகு என்றே எண்ணினேன். சேணத்தைக் கொண்டுசென்றால் அது காதுகளைப் பின்னுக்கு மடக்கும்; வயிற்றுவாரை இறுக்கினால் கடிக்கத் திரும்பும். ஆகவே அதற்குச் 'சண்டி' என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு நாள், சேணம் உறுத்துகிறதோ என்று ஐயுற்று, கம்பளியை இரண்டாக மடித்து அதன் அடியில் வைத்தேன். ஏறிச் சிறிது தூரம் சென்றதும் குதிரை பின்னங்கால்களை உதறித் துள்ளியது. நான் மண்ணில் கிடந்தேன். எழுந்ததும் சவுக்கை ஓங்கினேன்.

லாயத்தில் நெடுங்காலம் வேலை பார்த்த முதியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டார். "அடிக்க வேண்டாம், தம்பி. முதலில் சேணத்தைக் கழற்றிப் பாருங்கள்" என்றார். கழற்றினேன். முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. தோள்மேட்டின் இருபுறமும் இரண்டு இடங்கள் மட்டும் உலர்ந்து கிடந்தன. "சேணம் அளவுக்கு மீறி அழுத்துகிற இடத்தில் வியர்வை வராது. நீங்கள் அழகு என்று சொல்கிற வெள்ளை மயிரும் பழைய அழுத்தத்தின் தழும்புதான்" என்றார் அவர். அழுத்தத்தினால் மயிருக்கு நிறமூட்டும் உயிரணுக்கள் அழிந்துவிட்டால், பின்னர் முளைக்கும் மயிர் வெளுத்தே முளைக்கிறது. குதிரை தன் முதுகில் தாங்கியிருந்த முறையீட்டை நான் அழகு என்று படித்திருந்தேன்.

கம்பளியை மடித்து வைத்தது உதவியாகாதோ என்று கேட்டேன். "கால் செருப்பு இறுக்கினால் அதற்குள் துணியைத் திணிப்பீர்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்கு விடை கூறத் தெரியவில்லை.

சேணத்தின் உள்ளே மரத்தாலோ வேறு உறுதியான பொருளாலோ ஆன ஒரு சட்டம் இருக்கிறது. அச்சட்டத்தின் அகலமே முதன்மையானது. அது குறுகலாயின் தோள்மேட்டை இருபுறமும் இடுக்கிபோல் பற்றும்; மிக அகலமாயின் சேணம் இறங்கி முதுகெலும்பின்மேல் உட்கார்ந்துவிடும். ஏறுபவர் அமர்ந்த பின்னரும் சேணத்தின் முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைய வேண்டும். சேணத்தின் அடியிலுள்ள இரண்டு மெத்தைகளும் முதுகின் தசைமேல் சீராகப் படிய வேண்டும்; அவற்றின் நடுவே முதுகெலும்பைத் தொடாத வழி ஒன்று முன்னிருந்து பின்வரை திறந்திருக்க வேண்டும். குதிரைக்கு 18 இணை விலா எலும்புகள் உள்ளன. கடைசி விலா எலும்பைக் கடந்து பின்னால் சேணம் நீளலாகாது. அதற்கப்பால் பாரத்தைத் தாங்க எலும்புக்கூட்டின் துணை இல்லை.

நம் நாட்டில் சேணத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம் கான்பூர். அந்நகரத்துச் சேணம் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. எனினும் எந்த ஊர்ச் சேணமாயினும், தோலின் மெருகைக் கண்டு மயங்கி வாங்குதல் தகாது. குறிப்பிட்ட குதிரையின் முதுகில் வைத்துப் பார்த்த பின்பே விலை பேச வேண்டும். உணவாலும் உழைப்பாலும் வயதாலும் குதிரையின் உடல் மாறுவதால், சென்ற ஆண்டு பொருந்திய சேணத்தையும் இவ்வாண்டு மறுபடி சோதித்தல் வேண்டும்.

பூட்டும் முறையும் எளியதே. சேணத்தைச் சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கி நகர்த்தினால் அடியிலுள்ள மயிர் ஒழுங்காகப் படியும். வயிற்றுவாரை ஒரே மூச்சில் இறுக்காமல், ஒவ்வொரு துளையாக இறுக்க வேண்டும். ஏறுவதற்கு முன்னும், சில நிமிடம் நடத்திய பின்னும் மீண்டும் பார்க்க வேண்டும். முதலில் மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைக்கும் குதிரை பின்னர் அதைத் தளர்த்தும். அப்பொழுது வார் தளர்ந்து சேணம் புரண்டுவிடக்கூடும்.

கடிவாளத்தின் இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஈறின்மேல் அமைகிறது. மெல்லிய தோலுக்கு அடியில் உடனே எலும்பு இருக்கும் இடம் அது. அங்கே வன்மையாக இழுத்தால் உண்டாகும் வலியை எண்ணிப் பாருங்கள். கடிவாளம் கையாள்பவனின் கையைப் பொறுத்து மென்மையாகவோ கொடுமையாகவோ ஆகிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் செனபோன் குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி, கடிவாள இரும்பைப் பற்றியும் அதில் விரிவாகப் பேசியிருக்கிறார். மூக்கைச் சுற்றிய வாருக்கும் மூக்கெலும்புக்கும் இடையே இரண்டு விரல் புகவேண்டும் என்பது பழைய விதி. விரல்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-ஆம் ஆண்டில் அந்த இடைவெளியைச் சோதிக்க ஓர் அளவுகருவியையே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொண்டையடியில் செல்லும் வார் இன்னும் தளர்வாக, நான்கு விரல் புகுமாறு இருக்க வேண்டும்.

அங்கவடி ஏறுபவரின் உயிரோடு தொடர்புடையது. அது பாதணியைவிட இருபுறமும் அரை அங்குலம் அகலமாயிருக்க வேண்டும். குறுகலாயின், விழும்போது கால் சிக்கிக்கொள்ளும். மிக அகலமாயின் பாதம் முழுவதும் உள்ளே நுழைந்துவிடும். இரண்டிலும், ஓடும் குதிரையால் இழுத்துச் செல்லப்படும் அபாயம் உண்டு. குதிகால் உயர்ந்த பாதணி அணிவதும் இதன்பொருட்டே.

இனிப் பராமரிப்பு. வியர்வையில் உள்ள உப்பு தோலைக் கெடுக்கும். தையல் நூலையும் இற்றுப்போகச் செய்யும். ஆகவே ஒவ்வொரு நாளும் சவாரி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, சேணத்திற்கென உள்ள சவர்க்காரத்தைத் தேய்க்க வேண்டும். நனைந்த தோலை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் வெடித்துவிடும். நிழலில் காற்றாட உலர்த்துவதே முறை. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வயிற்றுவார் கோக்கும் பட்டைகளின் தையலையும் துளைகளையும் வாரந்தோறும் இழுத்துப் பார்க்க வேண்டும். சேணவிரிப்பை அடிக்கடி துவைக்க வேண்டும். காய்ந்த வியர்வையும் மணலும் படிந்த விரிப்பு அரம்போல் முதுகை அராவும்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் இங்கு வாங்கப்பட்டதையும், பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றுள் பல விரைவில் மாண்டதையும் எழுதிவைத்திருக்கிறார். பொன்னைக் கொடுத்துக் குதிரையை வாங்கிவிடலாம். அதைப் பேணும் அறிவை அவ்வாறு வாங்க இயலாது. நாள்தோறும் கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் பெற வேண்டியது அது.

மாணவ நண்பர்களே, குதிரை வாய் திறந்து குறை சொல்லாது. காதை மடக்கியும், வாலைச் சுழற்றியும், கடைசியில் துள்ளியுமே சொல்லும். அதைச் சண்டித்தனம் என்று நாம் தீர்ப்புக் கூறுமுன், ஒரு முறை சேணத்தைத் தூக்கிப் பார்ப்பது நம் கடமை.

அந்தச் செந்நிறக் குதிரைக்கு அகலமான வேறொரு சேணம் தேடித் தந்தார் முதியவர். முதுகு ஆறும்வரை பல வாரங்கள் அதன்மேல் யாரும் ஏறவில்லை. பிறகு புதிய சேணத்துடன் அதன் அருகில் சென்றபோது, பழைய அச்சத்தில் முதலிரண்டு நாட்கள் காதை மடக்கியது. அதன் பின் அமைதியாக நின்றது. 'சண்டி' என்ற பெயரை நாங்கள் விட்டுவிட்டோம். வெள்ளை மயிர் மட்டும் கடைசிவரை மாறவில்லை.