வரிச்சீட்டில் ஏறிய கடன்

கடன் என்ற சொல்லைக் கேட்டவுடன் கடன் வாங்கியவருடைய முகமே நம் நினைவுக்கு வருகிறது. அவர் எந்த ஊருக்குச் சென்றாலும் கடன் அவரைத் தொடர்ந்து செல்லும். அங்ஙனமன்றி, ஆளை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிக்கொள்ளும் கடன் ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அதன் வரலாறு பொருளாதாரம் பயில்வோர்க்கு மட்டுமன்றி, நாளை வீடு கட்டப்போகும் எல்லோர்க்கும் பயன்படுவது.

வீட்டுக் கூரையில் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளைப் பதிப்பதாயினும், பழைய சுவர்களுக்குள் வெப்பக்காப்பு இடுவதாயினும், செலவு முழுவதும் முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. பயனோ இருபது ஆண்டுகளில் சிறுகச் சிறுகத்தான் வந்து சேரும். ஐந்தாண்டில் வீட்டை விற்றுவிட்டு வேறூர் செல்ல எண்ணும் ஒருவர், இருபதாண்டுப் பயனுக்கு இன்றே விலை கொடுப்பாரா? கொடார். நன்மையென்று அறிந்தும் மக்கள் தயங்குவதற்கு இதுவே பெருங்காரணம்.

கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி நகரம் இத்தயக்கத்திற்கு ஒரு மருந்து கண்டது. காற்று மண்டலத்தை வெப்பமாக்கும் வாயுக்களைக் குறைக்கவேண்டும் என்று அந்நகர மக்கள் 2006-ஆம் ஆண்டில் வாக்களித்திருந்தனர். அப்போது நகரத் தலைவராக இருந்த டாம் பேட்ஸ் அவர்களின் அலுவலகத்தில் பணியாற்றிய சிஸ்கோ டிவ்ரீஸ் என்பவருக்கு ஒரு பழைய வழக்கம் நினைவுக்கு வந்தது. ஒரு தெருவின் மின்கம்பிகளை நிலத்தடியில் புதைக்க விரும்பும் வீட்டுக்காரர்கள், அச்செலவைச் சொத்து வரியோடு சேர்த்துப் பல ஆண்டுகளில் செலுத்திவந்தனர். தெருவுக்குச் செய்வதைத் தனி வீட்டுக்கும் ஏன் செய்யலாகாது என்று அவர் எண்ணினார். 2008-இல் பெர்க்லியில் இது சோதனையாகத் தொடங்கியது. அதே ஆண்டில் மாநிலச் சட்டமும் இதற்கு இடமளித்தது.

முறை எளியது. நகராட்சி கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டும். அப்பணத்தால் வீட்டில் தகடு பதிக்கப்படும். வீட்டுக்காரர் அத்தொகையை வட்டியுடன் ஆண்டுதோறும் சொத்து வரிச்சீட்டின்படி செலுத்துவார். இடையில் வீடு கைமாறினால், புதிதாக வந்தவர் எஞ்சிய தவணைகளைச் செலுத்தித் தகடுகளின் பயனையும் அடைவார். பயன் உள்ள இடத்திலேயே கடனும் இருக்கிறது. இந்த எண்ணத்தின் அழகை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

எனினும் கணக்கைப் போட்டுப் பார்த்தே எதையும் துணியவேண்டும். 20,000 டாலரை நூற்றுக்கு 7 வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்குவதாகக் கொள்வோம். ஆண்டுத் தவணை ஏறத்தாழ 1,888 டாலர். மொத்தத்தில் செலுத்துவது 37,700 டாலருக்கு மேல். மின்கட்டணத்தில் ஆண்டுக்கு 1,500 டாலர் மிஞ்சினால், 388 டாலரைக் கைப்பொறுப்பில் போடவேண்டும். இக்கணக்கை வீட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். வட்டியை மாற்றி மாற்றிப் போட்டால் இன்னும் தெளிவு பிறக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வரி பாக்கிக்காக வீடு ஏலத்திற்கு வந்தால், வரியே முதலில் அடைபடும். அடமானம் பிடித்த வங்கி அதற்குப் பின்னரே நிற்கவேண்டும். இப்புதுக் கடனும் வரியின் உருவில் வந்ததால் அதே முதலிடத்தைப் பெற்றது. நிலுவைத் தவணைகள் முன்னே நிற்கும்; எஞ்சிய தவணைகள் வீட்டோடு தொடரும்; ஏலம் கேட்பவர் அவற்றைக் கழித்துக்கொண்டே விலை கேட்பார். வங்கியை ஒரு வார்த்தை கேளாமலே அதன் ஈடு குறைந்துபோயிற்று. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்னும் இரு பெரும் அடமான நிறுவனங்களை மேற்பார்வை செய்யும் கூட்டாட்சி அமைப்பு, 2010 ஜூலையில் இதைக் கடுமையாக எதிர்த்தது. பல ஊர்களில் வீடுகளுக்கான திட்டம் நின்றுபோயிற்று. வங்கிகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பின்னர் வங்கிகளின் நட்டத்தை ஈடுசெய்யக் கலிபோர்னிய அரசு ஒரு நிதியை ஏற்படுத்தியது. தனியார் நிறுவனங்கள் பெருமளவில் உள்ளே வந்தன. இங்குதான் கதை கசக்கிறது. நகராட்சி அலுவலர் இருந்த இடத்தில், வீடு வீடாகச் சென்று வேலை பிடிக்கும் ஒப்பந்தக்காரர் வந்தார். வாசலிலேயே ஒரு கண்ணாடித் திரையில் விரலால் கையொப்பம் பெற்றுக்கொண்டார். வீட்டின் மதிப்பைப் பார்த்தார்களேயன்றி, வருமானத்தைக் கேட்டவர் இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் சிலர், இதனை அரசு தரும் உதவித்தொகை என்றே எண்ணிவிட்டனர். வரிச்சீட்டு வந்த பிறகே உண்மை தெரிந்தது. பல்லாண்டு உழைத்து அடமானத்தை மீட்ட வீடு, ஒரு குளிர்சாதனப் பொறிக்காக அபாயத்திற்கு உள்ளாயிற்று. கடனை 'வரி' என்று பெயர் மாற்றியதால், கடனுக்குரிய பாதுகாப்புச் சட்டங்கள் பலவும் அதன்மேல் பாயாமற் போயின. ஒரு சொல்லின் மாற்றம் செய்த வேலையைப் பாருங்கள்!

2017-இல் கலிபோர்னிய சட்டமன்றம் விழித்துக்கொண்டு, திருப்பிச் செலுத்தும் சக்தியை ஆராய்ந்த பின்னரே இக்கடனைத் தரவேண்டும் என்று சட்டம் இயற்றியது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட ஆட்சி 2020-இல் வீடுகளுக்கான தன் திட்டத்தையே மூடிவிட்டது. கூட்டாட்சியின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பும் 2024 டிசம்பரில் இக்கடனை அடமானக் கடனைப் போன்றே நடத்தும் விதியை வெளியிட்டது.

கடைகள், தொழிற்கூடங்கள், விடுதிகள் ஆகியவற்றிற்கான திட்டத்தின் போக்கு வேறு. அங்கே அடமானம் பிடித்தவரின் எழுத்துவழி இசைவு பொதுவாக முன்னரே பெறப்படுகிறது. வட்டிக் கணக்கைப் பார்ப்பதற்குக் கணக்கரும் வழக்கறிஞரும் இருக்கின்றனர். ஆகவே அது சச்சரவின்றிப் பல மாநிலங்களில் வளர்ந்துவருகிறது. வீடுகளிலோ, விற்கும் வேளையில் கடன் புதியவரோடு போகும் என்ற முதல் எண்ணமே பலவிடத்துப் பலிக்கவில்லை; வாங்குபவரும் அவருக்குக் கடன் தரும் வங்கியும் பழைய பாக்கியை முழுவதும் தீர்த்துவிட்டு வருமாறு விற்பவரிடமே கேட்டனர்.